இடது பக்கத்துப் பெட்டி பாடவில்லை

லாபிஸ், ஜொகூர்
5.4.2026, ஞாயிறு

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு லாபிஸிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. நீயும் விஜிதாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டு பேனாவை எடுத்தேன். இங்கே நான் இருக்கிறேன், சாப்பிடுகிறேன், நடக்கிறேன். மாசாயில் அக்கா வாசுகி, மாப்பிள்ளை, பேத்தி லோஷினி மூவரும் சுகம். நீ என்னோடு பேசி நாலு மாதத்துக்கு மேல் ஆகிறது தம்பி. ஏன் பேசவில்லை என்று எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. தெரிந்த அன்றே எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரி எழுதினால் கை நின்றுபோகிறது, அப்படியே ஒரு வாரம் ஓடிவிட்டது. இதைக் கையில் வாங்கியதும் மடித்து ஓரமாக வைத்துவிடாதே, கோபம் இருந்தால் கோபத்தோடேயே கடைசி வரைக்கும் படி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் எழுதுவது, எழுத்துப்பிழை இருக்கும், பொறுத்துக்கொள். லோஷினி நான் சொல்லச்சொல்லப் போனில் தட்டுகிறேன் என்றாள். இது என் கையால் எழுத வேண்டியது, நீ போ என்று சொல்லிவிட்டேன்.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வாசுகிக்கு ஃபேக்டரியில் இந்த மாதம் காலை ஷிஃப்டு, அதனால் ஞாயிறு தவறாமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். லோஷினி நர்ஸிங் இரண்டாம் வருஷம், வெள்ளை உடுப்புப் போட்டு நின்றால் பெரிய டாக்டர் மாதிரி இருக்கிறாள், கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், பாட்டி போதும் பாட்டி வெக்கமா இருக்கு என்கிறாள். வெக்கம் என்ன வெக்கம், நம் குடும்பத்தில் மருந்துக் கட்டுக் கட்டுகிற இடத்தில் வரிசையில் நின்றவர்கள்தான் உண்டு, கட்டுப் போட்டுவிடுகிறவள் இவள்தான் முதல். அப்பாவுடைய தலைத்திவசம் மாசியில் முடிந்தது. நீ வராததால் மாப்பிள்ளைதான் எள்ளும் தண்ணீரும் விட்டார். மகன் எங்கே என்று கேட்டவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். ஐயர் அப்பா பெயரைச் சொல்லி அர்ச்சுனன் என்று மூன்று தரம் கூப்பிட்டாராம், எனக்கு ஒரு தரம்தான் கேட்டது. அது ஏன் என்று அப்போது தெரியவில்லை.

இனி நடந்ததைச் சொல்லுகிறேன், அப்பாவுடைய ஸ்டீரியோவிலிருந்து தொடங்கினால்தான் உனக்கு விளங்கும். உனக்குத் தெரியும், அப்பா சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது ஒவ்வொரு பெட்டியாக வாங்கிச் சேர்த்தது. தட்டு சுத்துகிற பெட்டி ஒன்று, அந்த ஆம்பிளிஃபயர் ஒன்று, கேசட்டுக்கு ஒன்று, இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. உங்கள் இருவரையும் கிட்டவே விடமாட்டார். என்னையும் முன்பக்கம் விட்டதில்லை. ஆனால் தூசி துடைக்கிறவள் நான்தானே, முன்பக்கத்துக் குமிழெல்லாம் அவருக்கு, பின்பக்கத்து ஒயரெல்லாம் எனக்கு. நாற்பது வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஒயர்களுக்கு நடுவில் துணியை விட்டுத் துடைத்திருக்கிறேன், ஒன்றை அசைத்துவிட்டால்கூட அன்று சாயங்காலம் கண்டுபிடித்துவிடுவார். அவர் போன அன்று ஹாலில் அவரைக் கிடத்த இடம் வேண்டும் என்று ஆம்பிளைகள் எல்லாம் சேர்ந்து அத்தனை ஒயரையும் பிடுங்கிப் பெட்டிகளைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டார்கள். சாவு வீட்டில் வருஷம் திரும்புகிற வரைக்கும் பாட்டு வைக்கக் கூடாது, அதனால் நானும் தொடவில்லை. நீ மூன்றாம் நாள் வந்து சேர்ந்தபோது ஹாலில் அந்த இடம் வெறுமையாகத்தானே இருந்தது, நீ அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாய்.

திவசம் முடிந்த மறு வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பெட்டியாக இழுத்துக்கொண்டு வந்து பழைய மேசையில் வைத்தேன். அப்பாவுக்காக மட்டும் இல்லை தம்பி, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கணக்குப்படி விஜிதாவுக்குப் பங்குனியில் பிள்ளை பிறக்க வேண்டும். துக்கம் கழிந்த வீட்டில் பிள்ளை பிறந்த சேதி வரும்போது பாட்டுச் சத்தம் இருக்கட்டும் என்று நினைத்தேன். சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிற இரண்டு ஒயரை முதலில் தப்பான ஓட்டையில் சொருகிவிட்டேன், தட்டு சுத்தியிருந்தாலும் எறும்பு பேசின மாதிரிதான் கேட்டிருக்கும். பிறகு நினைவு வந்தது, தட்டுப் பெட்டி ஒயருக்கு என்று தனி ஓட்டை உண்டு, மேலே பி எச் என்று இங்கிலீஷ் எழுத்து இருக்கும், அதில் சொருகினேன். கூடவே மெல்லிசாக ஒரு பச்சை ஒயர் வரும், அதை ஆம்பிளிஃபயர் பின்னால் இருக்கிற சின்னத் திருகாணியில் முறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீடு முழுக்க உம்மென்று ஓர் இரைச்சல் வரும், அப்பா அதற்குத்தான் என்னை அதிகமாக ஏசியிருக்கிறார். அதையும் முறுக்கினேன். ஸ்பீக்கர் ஒயரில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. எல்லாம் சரி, தட்டு மட்டும் சுத்தவில்லை. உள்ளே இருக்கிற ரப்பர் பெல்ட்டு வெயிலில் வைத்த மிட்டாய் மாதிரி இளகிப்போயிருந்தது. கடைத்தெருவில் ரேடியோ கடை வைத்திருக்கிற சீனத் தாவ்கேயிடம் சொன்னேன், அப்பாவோடு பழகினவர், அவரே வந்து புது பெல்ட்டு மாட்டிக்கொடுத்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு இதெல்லாம் யார் மாட்டினது என்றார். நான்தான் என்றேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

பாட்டு வந்தது தம்பி. ஆனால் வலது பக்கப் பெட்டியில் மட்டும் வந்தது, இடது பக்கத்துப் பெட்டியில் ஒன்றும் இல்லை. தாவ்கேயிடம் சொன்னேன். அவர் போய் அந்தப் பெட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, டுவா டுவா பாகுஸ் அச்சி, இரண்டுமே நல்லாத்தான் இருக்கு என்றார். எனக்கு வந்ததே கோபம். வயசான பொம்பளைதானே, வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார் என்று, பாடாத பெட்டியைப் பாடுதுன்னு சொல்ல நீங்க எதுக்கு தாவ்கே, அதை நானே சொல்லிக்குவேனே என்று கேட்டுவிட்டேன். அந்த மனிதர் பாவம், மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பிறகு நானே பார்த்தேன். ஆம்பிளிஃபயரில் கோளாறா ஸ்பீக்கரில் கோளாறா என்று தெரிய வேண்டுமானால் இரண்டு பக்கத்து ஒயரையும் மாற்றி மாட்டிப் பார்க்க வேண்டும், அப்பா செய்வதைப் பார்த்திருக்கிறேன். மாற்றி மாட்டினேன். அப்போதும் வலது பக்கம்தான். சரி என்று அந்தப் பெரிய பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தேன், இடுப்பு விட்டுப்போனது, அப்போதும் வலது பக்கம்தான் பாடுகிறது. எந்தப் பெட்டியை இடது பக்கம் கொண்டுபோய் வைத்தாலும் அது வாயை மூடிக்கொள்கிறது. இரண்டு வாரம் இதோடு மல்லுக்கட்டினேன், அந்த மூலையில் எதுவோ இருக்கிறது என்று சாம்பிராணிகூடப் போட்டேன், சிரிக்காதே.

போன ஞாயிறு மத்தியானம் வாசுகியும் லோஷினியும் வந்தார்கள். சாப்பாடு ஆன பிறகு லோஷினியிடம் காட்டினேன். அவள் நின்று கேட்டுவிட்டு, ரெண்டும் பாடுது பாட்டி என்றாள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தபடி, அந்தத் தாவ்கே சொன்ன பொய்யையே நீயும் சொல்றியா என்றேன். பிள்ளை என் முகத்தையே பார்த்தாள். பிறகு நாற்காலியோடு என்னைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாள். இப்ப எந்தப் பெட்டி பாடுது பாட்டி என்றாள். ரூபேந்திரா, அதுவரைக்கும் பாடாத பெட்டி பாடியது. பாடிக்கொண்டிருந்த பெட்டி நின்றுவிட்டது. ஒயரை யாரும் தொடவில்லை. எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பாட்டை நிறுத்தச் சொன்னேன்.

காது ஒரு நாளில் போகவில்லை. தோட்டத்து ரப்பர் ஆலையில் பதினெட்டு வருஷம் உருளை மிஷினுக்கு இடது காதைக் கொடுத்து நின்றேன், அது அப்போதே தின்ன ஆரம்பித்திருக்கும். இப்போது நம் ஸ்டேஷனில் கரண்டு ரயில் வருகிறது, சத்தமே இல்லாமல் போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் ஆமாம் ஆமாம் என்றேன், எனக்கு மழைச் சத்தமும்தான் குறைந்துபோனது, அதை யாரிடம் சொல்வது. தெரியாது என்று சொல்ல முடியாது தம்பி எனக்கு. தெரிந்துதான் மறைத்தேன், ஆனால் இவ்வளவு என்று எனக்கே தெரியாது. நாலு பேர் சிரித்தால் சிரித்துவிடுவேன். கடையில் விலை கேட்காமல் நோட்டை நீட்டிவிடுவேன். போனில் நீ பேசும்போது உன் குரல் வரும், வார்த்தை வராது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. வெளிநாட்டு லைன் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். அதற்கு மூன்று பதில் வைத்திருந்தேன், அப்படியா, சரிப்பா, ரொம்ப சந்தோஷம். உன் குரல் மேலே போனால் ஒன்று, கீழே வந்தால் ஒன்று. இரண்டு வருஷமாக அதை வைத்துத்தான் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆறு வருஷம் வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு அம்மா செவிடாகிப்போனாள் என்று தெரிந்தால் என்ன நினைப்பான், மருமகள் வீட்டில் என்ன பேசுவார்கள், அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாசுகியிடம், காது போனா போகட்டும், பங்குனி பிறந்து பாதி ஆச்சு, பிள்ளை பிறந்த சேதியைக்கூட எனக்குச் சொல்ல வேண்டாம்னு உன் தம்பி முடிவு பண்ணிட்டானா என்று கேட்டேன். அம்மா, உங்களுக்கு நிஜமாவே தெரியாதா என்றாள். என்ன தெரியாதா என்றேன். என் வலது பக்கம் வந்து முட்டி போட்டு உட்கார்ந்து, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். கார்த்திகை மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது, அஞ்சு மாதம், பெண் பிள்ளை. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து நீ எனக்குக் கூப்பிட்டாய், விஜிதாவும் கேட்கட்டும் என்று போனை இருவருக்கும் நடுவில் வைத்துச் சொன்னாயாம். சொல்லிவிட்டு, கேட்டீங்களாம்மா என்று கேட்டாய். நான், கேட்டேன்பா, எல்லாம் கேட்டேன், ரொம்ப சந்தோஷம், நல்லபடியா முடிஞ்சுதே, அவளுக்கும் சொல்லு என்றேன்.

அந்த வாரம் டாக்டரிடம் போகிறீர்கள் என்று முன்னமே தெரியும், போய்விட்டு வந்து நல்ல சேதி சொல்கிறாய் என்று நினைத்தேன். அன்றைக்கு உன் குரல் மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை. எனக்கு ஒரே மாதிரி இருந்தது, அதனால் மூன்றாவது பதிலை எடுத்தேன். அழுகிற குரல் என்று தெரியவில்லை தம்பி. உன்னைப் பெற்றவளுக்கு நீ அழுதது தெரியவில்லை. இந்த ஒரு வாரமாக நான் வேறு எதையும் நினைக்கவில்லை, அந்தக் கட்டிலில் அவள் படுத்திருக்க, போனிலிருந்து என் குரல் சந்தோஷம் என்று சொல்லியிருக்கிறது. வாசுகியும் நாலு மாதம் என்னை அப்படிப்பட்டவள் என்றுதான் நினைத்திருக்கிறாள். தை மாதத்தில் ஒரு தரம், விஜிதாவுக்கு ஏழாம் மாதம் ஆகியிருக்குமே என்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ சொல்லிவிட்டுப் போனாள். என்ன சொன்னாய் என்று நான் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வாசுகிக்கு முன்னால் எனக்கு ஒன்று. ஏழு மாதம், அதுவும் பெண். தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் வாழைக்குக் கிட்ட அப்பாவே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார், என்னைப் பார்க்க விடவில்லை. மூன்றாம் நாள் உன் அப்பாயி வந்து, பொட்டைதானே, போனது நல்லதுக்குத்தான், எந்திரிச்சு வேலைக்குப் போ என்றார்கள். அவர்கள் நல்ல மனுஷிதான், அந்தக் காலத்துப் பேச்சு அது, எனக்குத் தைரியம் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் சாகிற வரைக்கும், கஞ்சி ஊற்றினேன், கால் பிடித்துவிட்டேன், முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை மனதாரப் பேசவில்லை. முப்பது வருஷம். அதனால் விஜிதா என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருப்பாள் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.

அவள் அப்படி நினைக்க நானும் முன்னமே இடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், அவள் தாத்தா காலத்திலிருந்து கவர்மென்டு உத்தியோகம், நாம் பால் மரம் சீவினவர்கள். ஜொகூர் பாருவில் பெண் பார்க்கப் போனபோது அவள் அம்மா நாங்கள் எந்தத் தோட்டம் என்று சும்மாதான் கேட்டார்கள், எனக்கு அது குத்தியது. கல்யாணத்தில் நான் மணவறைப் பக்கம் வராமல் ஓரமாக உட்கார்ந்தேன், போட்டோவுக்குக் கூப்பிட்டபோது தலை வலிக்கிறது என்றேன். தலை வலிக்கவில்லை. விஜிதா தானே வந்து காப்பி கொடுத்துவிட்டு, அம்மா கொஞ்ச நேரம் படுங்கோ என்றாள். அந்தப் பிள்ளைக்கு நான் பதில் சொல்லவில்லை. அப்போது காது நன்றாகத்தான் கேட்டது.

விஜிதா உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள். குறைப்பிரசவமும் பிரசவம்தான், நாற்பது நாள் பத்தியம் இருந்திருக்க வேண்டும், யார் செய்து கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. இப்போதும் கெட்டுப்போகவில்லை, பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிச் சோற்றில் பிசைந்து கொடு, மிளகு ரசம் வை, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விடாதே, உங்கள் நாட்டில் சித்திரைக்குப் பிறகுதானே குளிர் காலம் வருகிறது, இடுப்பில் துணி சுற்றிக்கொள்ளச் சொல். நீயே சமை. அவள் அழுதால் அழவிடு, அடுத்தது பார்த்துக்கலாம் என்று மட்டும் நீயோ உன் கூட்டாளிகளோ வாய் திறந்து சொல்லக் கூடாது. அடுத்தது அடுத்ததுதான், இது இது. பிள்ளைக்குப் பெயர் ஏதாவது நினைத்து வைத்திருந்தீர்களா, இருந்தால் எனக்கு எழுது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது என்னுடைய பிள்ளைக்குப் பெயர் இல்லாமலே வேண்டிக்கொள்கிறேன், என் பேத்திக்காவது ஒரு பெயர் இருக்கட்டும்.

புதன்கிழமை வாசுகி லீவு போட்டு என்னை மாசாய்க்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டினாள். இடது காது திரும்பாது, வலது காதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, மிஷின் வைத்தால் பேச்சு விளங்கும் என்றார். அடுத்த மாதம் வைக்கிறார்கள். வைக்கிறேன். கோயிலில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும். தாவ்கேயிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்துவிட்டுக் கையை ஆட்டினார், என்ன சொன்னார் என்று விளங்கவில்லை, விளங்கவில்லை என்று சொன்னேன், திரும்பச் சொன்னார். இப்படி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எழுபத்தொரு வயசு ஆகியிருக்கிறது.

இந்தத் தாள் தபாலில் வரும். வாசுகி போட்டோ பிடித்து முன்னாலேயே அனுப்பிவிடுவாள். மிஷின் வைக்கிற வரைக்கும் குரல் போன் வேண்டாம், வீடியோவில் வா, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார், வாய் அசைவது தெரிய வேண்டும், மெதுவாகப் பேசு. கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்லுவேன், இனி அந்த மூன்று பதிலும் கிடையாது. விஜிதா பேச வேண்டாம் என்று சொன்னால் கட்டாயப்படுத்தாதே, அவளுக்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் எடுத்துக்கொள்ளட்டும். என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். அவள் வாங்கோ என்று சொன்னால் வருவேன், நீ சொல்லி வரமாட்டேன்.

நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டு நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், முருகன் துணை இருப்பான், அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஒன்று மட்டும் மறக்காதே. விஜிதா இங்கிலீஷில் படித்த பிள்ளை, அவளுக்குத் தமிழ் எழுத்து வராது, அதனால் இதை நீதான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு மரியாதைக் குறைச்சலாயிற்றே என்று எங்கேயும் தாண்டி வாசிக்காதே. காது போனது, மறைத்தது, கல்யாணத்தில் தலை வலி என்று சொன்ன பொய், போனில் சந்தோஷம் என்று சொன்னது, எல்லாவற்றையும் எழுதியபடியே வாசி. அவள் நடுவில் போதும் என்று சொன்னால் நிறுத்து, வேறொரு நாள் அவளே கேட்டால் அந்த இடத்திலிருந்து தொடங்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
கிருஷ்ணம்மா அர்ச்சுனன்